மாவுலி கூட நடந்துட்டு வந்த கதை

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, பதில் போடலன்னு கோச்சுக்காத டி. பண்டரிபுரத்துலேர்ந்து வந்து படுத்தவ ரெண்டு நாள் எழுந்திரிக்கவே இல்ல, காலு ரெண்டும் வீங்கி, வலது கட்டைவிரல் நகம் கறுத்துப்போய் இப்பதான் ஒரு வழியா விழுந்துருக்கு. மக வளைகாப்பு நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சு ரொம்ப சந்தோஷம். போட்டோல நீ கட்டியிருந்த அரக்குப் பட்டு அவர் எடுத்துக் கொடுத்ததுதானே, பாத்ததும் தெரிஞ்சுது. அதை நீ பீரோவுலேர்ந்து வெளில எடுத்தியே, அதுவே எனக்கு பெரிய நிம்மதியா இருந்துச்சு.

சரி, நீ கேட்டதுக்கு வர்றேன். யாத்திரைன்னா தனியா போறதுதானே, அவ்ளோ கூட்டத்துல ஆட்டுமந்தை மாதிரி போனா மனசு எங்க நிக்கும்னு கேட்டிருந்த, கீழ ஒரு வரி, "அதுல என்னை மாதிரி ஒருத்தி தொலைஞ்சு போனா யாருக்குத் தெரியப் போவுது"ன்னு. அந்த வரியை நான் மூணு தடவை படிச்சேன் டி. ராத்திரி தூக்கத்துலயும் அதே ஞாபகம். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படி.

புனே வந்து 31 வருஷமாச்சு, ஒவ்வொரு ஆனி மாசமும் ரெண்டு பல்லக்கு ஊருக்குள்ள வரும், ஆளந்தியிலேர்ந்து மகான் ஞானேஸ்வரர் பாதுகை, தேஹுவுலேர்ந்து மகான் துக்காராம் பாதுகை. ரெண்டும் இங்க ரெண்டு ராத்திரி தங்கிட்டு ஆஷாட ஏகாதசிக்கு பண்டரிபுரம் விட்டலன் கோயிலுக்குப் போய்ச் சேரும், சுமார் 250 கிலோமீட்டர், கிட்டத்தட்ட மூணு வாரம் நடை. இதுக்குப் பேரு வாரி, நடக்கறவங்க வார்கரி. நான் இத்தனை வருஷமும் ஹடப்சர் ரோட்டோரமா நின்னு பிஸ்கட் பாக்கெட்டும் டீயும் கொடுத்து, போறவங்க கால்ல விழுந்து கும்பிட்டுட்டு, ஆபீஸுக்கு நேரமாச்சுன்னு ஓடினவதான். இந்த மார்ச்சுல ரிட்டயர் ஆனேன்ல, எங்க வீட்டு சமையலுக்கு வர்ற மாவ்ஷி (அவளுக்கு பீட் மாவட்டத்துல ஒரு கிராமம், வருஷா வருஷம் மூணு வாரம் லீவு கேட்பா, நான் முகத்தைச் சுளிச்சுக்கிட்டே கொடுப்பேன்) அவளே கேட்டா, "தாயி, இப்ப என்ன சாக்கு சொல்லப்போற?"ன்னு. மறுநாளே அவங்க ஊர் திண்டியில என் பேரைக் கொடுத்து சாப்பாட்டுப் பணமும் கட்டிட்டு வந்துட்டா.

திண்டின்னா என்னன்னு உனக்கு புரிஞ்சாதான் மத்ததெல்லாம் புரியும். அந்தப் பல லட்சம் ஜனமும் வெறும் கூட்டமா போறதில்ல, திண்டி திண்டியா பிரிஞ்சுதான் போகும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர், ஞானேஸ்வரர் பல்லக்கு வர்ற ரதத்துக்கு முன்னாடி 27 திண்டி, பின்னாடி அதைவிட எத்தனையோ மடங்கு. எது எதுக்குப் பின்னாடி போகணும்னு பல தலைமுறைக்கு முன்னாடி போட்ட வரிசை, யாரும் மாத்த முடியாது. துக்காராமோட பிள்ளை நாராயண மகராஜ் 1685ல பாதுகையை பல்லக்குல வெச்சு கூட்டமா கிளம்பற வழக்கத்தை ஆரம்பிச்சாராம், அப்புறம் 19ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல ஹைபத்பாபான்னு ஒருத்தர், குவாலியர் சிந்தியா கிட்ட வேலை பாத்தவர், ஞானேஸ்வரர் பல்லக்கைத் தனியா எடுத்து இந்த ஒழுங்கு முழுசையும் கொண்டுவந்தாரு. பட்டாளத்துப் பழக்கம் உள்ள மனுஷன்னு பாத்தாலே தெரியும் டி. முன்னாடி காவிக்கொடி பிடிச்சவங்க, அடுத்து தாளம் போடறவங்க வரிசை வரிசையா, நடுவுல மிருதங்கம் மாதிரி பக்வாஜ் வாசிக்கறவர், வீணை வெச்சிருக்கறவர், அதுக்குப் பின்னாடி துளசிச் செடியையும் தண்ணிக் குடத்தையும் தலைல சுமந்துட்டு பொம்பளைங்க. எங்க திண்டில வீணை எடுத்தவர் வழியில அதைக் கீழ வெச்சு நான் பாக்கல, கை வலிச்சா இன்னொருத்தர் தோளுக்கு மாத்துவாரு, அவ்ளோதான். பாத்திரம் பண்டம் கூடாரம் எல்லாம் ஒரு லாரில முன்னாடியே போயிடும், நாம போய்ச் சேர்றப்போ பிட்லாவும் (கடலை மாவுக் கூட்டு) பாக்ரியும் (தடிமனான ரொட்டி) சூடா இருக்கும்.

மந்தைல யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க டி, இங்க அப்படி இல்ல. காலைல நாலு மணிக்கு ஆரத்தி முடிஞ்சு கிளம்பறப்போ திண்டித் தலைவர் தலை எண்ணுவாரு, மதியம் சாப்பாட்டுல எண்ணுவாரு, ராத்திரி எண்ணிட்டுதான் படுப்பாரு. என் கூடப் படிச்ச யாராவது, என் சொந்தத்துல யாராவது, என்னை ஒரு நாளைக்கு மூணு தடவை எண்ணினது எப்ப சொல்லு?

நான் தொலைஞ்சும் போனேன், அதையும் சொல்லிடறேன். புனேலேர்ந்து சாஸ்வட் போற நாள்தான் ரொம்ப நீளம், 30 கிலோமீட்டர் பக்கம் வரும், நடுவுல திவே காட் மலை ஏத்தம். அன்னிக்கு மழை. மேலேர்ந்து பாத்தா வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு முழுக்க வெள்ளைத் தொப்பியும் காவிக்கொடியும், நடுவுல ரதத்தை இழுத்துட்டு மாடுங்க, எவ்ளோ நேரம் வேணா பாத்துட்டு நிக்கலாம். நான் கொப்புளத்துக்கு பிளாஸ்திரி போடலாம்னு ஓரமா உக்காந்தேன், அஞ்சு நிமிஷம்தான் இருக்கும், நிமிர்ந்து பாத்தா எங்க கொடியைக் காணோம். போன்ல டவர் இல்ல. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, அந்த நேரம் பாத்து எனக்கு மராட்டி ஒரு வார்த்தை வரல. பக்கத்துல போன ஒரு கிழவி நின்னு, "மாவுலி, திண்டி நம்பர் என்ன?"ன்னா. சொன்னேன். அவ என்னை அடுத்த திண்டிக்காரன்கிட்ட ஒப்படைச்சா, அவன் முன்னாடி போற ஒரு பொண்ணுகிட்ட, இப்படியே கைமாத்தி கைமாத்தி நாலு திண்டி தாண்டி, சாஸ்வட் போறதுக்குள்ள என்னைக் கொண்டுபோய்ச் சேத்துட்டாங்க. மாவ்ஷி ரோட்டு நடுவுல மழைல நின்னுட்டிருந்தா. திட்டல, ஒண்ணும் சொல்லல, அவ துண்டால என் தலையைத் துவட்டினா.

மாவுலின்னா அம்மான்னு அர்த்தம். அது ஞானேஸ்வரருக்கு அவங்க வெச்ச பேரு. 21 வயசுல, 1296ல, ஆளந்தில சமாதி ஆன பையன் அவரு. சந்நியாசம் வாங்கின அப்பா திரும்பி குடும்பத்துக்கு வந்துட்டாருன்னு ஊரே ஒதுக்கி வெச்ச வீட்டுப் பிள்ளை. அந்தப் பையனைத்தான் 700 வருஷமா அம்மான்னு கூப்பிடறாங்க. வாரில எல்லாரும் எல்லாரையும் மாவுலின்னுதான் கூப்பிடணும், டாக்டரும் மாவுலி, குப்பை அள்றவரும் மாவுலி, வழியை மறிச்சு நிக்கறவனைக்கூட "மாவுலி, கொஞ்சம் நகருங்க"ன்னுதான். நான் கும்பிட்டா எதிர்ல இருக்கறவரும் குனிஞ்சு என் காலைத் தொடுவாரு, அவருக்கு எண்பது வயசு இருந்தாலும். முதல் ரெண்டு நாள் எனக்கு உடம்பே கூசிப்போச்சு.

உனக்கு ஞாபகம் இருக்கா, கும்பகோணத்துல நம்ம தெரு பஜனை மடத்துல சனிக்கிழமை சாயங்காலம் அபங்கம்னு மராட்டி பக்திப் பாட்டு பாடுவாங்களே, நாம சுண்டலுக்காகப் போய் உக்காந்து வாய்க்கு வந்தபடி கூடப் பாடுவோமே? தஞ்சாவூரை ஆண்ட மராட்டியர் காலத்துல நம்ம பக்கம் வேர் விட்ட பாட்டு அது. அர்த்தம் ஒண்ணும் தெரியாமலே நெஞ்சுல ஒட்டிக்கிச்சு போல. வால்ஹேங்கற ஊரைத் தாண்டி ஒரு மதியம் எங்க திண்டில ஒரு அபங்கம் எடுத்தாங்க, ரெண்டாவது அடிக்கு என் வாய் தன்னால சேர்ந்துக்கிச்சு, ராகம் வேற, சொல்லு அதேதான். மாவ்ஷி திரும்பி என்னையே பாக்கறா, உனக்கு இது எப்படித் தெரியும்னு. எனக்கு அழுகை வந்துடுச்சு டி, நம்ம தெரு, உங்கம்மா, சுண்டல் வாசனை எல்லாம் சேர்ந்து வந்துச்சு. தனியா நடந்திருந்தா கால் வலியையும் வீட்டு நினைப்பையும் மாத்தி மாத்தி எண்ணிட்டிருந்திருப்பேன். தாளத்துக்கு நடக்கறப்போ காலை அது எடுத்துக்குது, நாம நம்மளைப் பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதில்ல.

இன்னொண்ணு, இதைத்தான் உனக்கு முக்கியமா சொல்லணும். ராத்திரி தங்கற இடத்துல எல்லா திண்டியும் பல்லக்கைச் சுத்தி நிக்கும், சமாஜ ஆரத்தின்னு பேரு. ஆயிரக்கணக்குல தாளம் ஒண்ணா அடிச்சுட்டிருக்கும், காது அடைச்சுப் போயிடும். சோப்தார்னு ஒருத்தர் தன்னோட தடியை மேல தூக்குவாரு, அடுத்த நொடி அத்தனையும் நின்னுடும். அப்பவும் எங்கயாவது ஒரு திண்டில மட்டும் தாளம் கேட்டா, அவங்களுக்கு ஏதோ குறை இருக்குன்னு அர்த்தம். அந்தக் குறையைக் கேக்காம ஆரத்தி எடுக்க மாட்டாங்க. வழில கிடைச்ச பொருள், காணாமப்போன பொருள் எல்லாத்தையும்கூட அங்கயேதான் சொல்லுவாங்க.

ஒரு நாள் எங்களுக்குக் கொடுத்த இடம் முழுக்க சேறு, தண்ணி லாரி வரவே இல்ல, எங்க கூட வந்த ஒரு பாட்டி ஜுரத்தோட ஈரத்துல படுத்திருந்தாங்க. அன்னிக்கு தடி மேல போச்சு, எல்லாரும் நிறுத்திட்டாங்க, எங்க ஆளுங்க நிறுத்தல. அவ்ளோ பெரிய மைதானம் மொத்தமும் அமைதியா இருக்கு, எங்க பத்து பதினஞ்சு ஜோடி தாளம் மட்டும் கேக்குது. எனக்கு கையெல்லாம் நடுங்குது, இவ்ளோ பேரை நிக்க வெச்சுட்டோமேன்னு. சோப்தார் நடந்து வந்து என்ன மாவுலின்னு கேட்டாரு. தலைவர் ரெண்டே வரில சொன்னாரு. ஏற்பாடு பண்றேன்னு அவர் வாக்கு கொடுத்தப்புறம்தான் எங்க தாளம் நின்னுச்சு, ஆரத்தி நடந்துச்சு. ராத்திரிக்குள்ள தண்ணியும் வந்துச்சு, பாட்டிக்கு பக்கத்துத் திண்டி கூடாரத்துல காஞ்ச இடமும் கிடைச்சுது. ஒரு கிழவி நனைஞ்சதுக்கு லட்சக்கணக்கான பேர் ஆரத்தியை நிறுத்திட்டு நின்னாங்க டி. நீ எழுதின அந்த வரிக்கு என்கிட்ட இருக்கற பதில் இதுதான்.

எல்லாமே இப்படி உசத்தியா இருந்துச்சுன்னு சொன்னா அது பொய். விடியறதுக்கு முன்னாடி கக்கூஸ் வரிசை கொடுமை, இப்ப நடமாடும் கழிப்பறை நிறைய வெக்கறாங்க, ஆனாலும் பத்தல, பொம்பளைங்க படற பாடு மனசை அறுக்குது. அதைவிட பெரிய உறுத்தல் ஒண்ணு. பண்டரிபுரம் கோயில் முதல் படிகிட்ட சோகாமேளா சமாதி இருக்கு. 14ஆம் நூற்றாண்டுல விட்டலனையே நினைச்சுப் பாடின மகார் சாதிக்காரர், உயிரோட இருந்த வரைக்கும் உள்ள விடல. 1947ல சானே குருஜின்னு ஒரு காந்தியவாதி உண்ணாவிரதம் இருந்தப்புறம்தான் அந்த மக்களுக்குக் கோயில் கதவு திறந்துச்சு. எல்லாரையும் மாவுலின்னு கூப்பிட்டுட்டே இத்தனை நூறு வருஷம் அதையும் செஞ்சிருக்காங்க. அடுத்தவங்களைச் சொல்லி என்ன டி, எங்க வீட்ல மாவ்ஷிக்குன்னு தனி டம்ளர் இருக்கு, மாமியார் வெச்சது, நான் மாத்தல. வழியெல்லாம் அவ தட்டுலேர்ந்துதான் பிச்சு எனக்குக் கொடுத்தா. திரும்பி வந்து அவ முதல் நாள் வேலைக்கு வந்தப்போ நான் டீ போட்டேன், எதுல ஊத்தறதுன்னு ஒரு செகண்ட் என் கை நின்னுச்சு. அந்த ஒரு செகண்ட் இன்னும் என்னை விடல.

ரிங்கண் பத்தி எழுத இடமில்ல, நேர்ல சொல்றேன், ஆள் ஏறாத குதிரை ஒண்ணு வட்டமா ஓடும், அதுல மாவுலியே வர்றாருன்னு நம்பிக்கை, அது மிதிச்ச மண்ணை எடுத்து நெத்தில பூசிப்பாங்க, நானும் ஒரு பொட்டலம் உனக்காக எடுத்து வெச்சிருக்கேன்.

பண்டரிபுரத்துல சந்திரபாகா ஆத்துல முங்கினோம், அப்புறம் நான் கோயில் கியூ எங்கன்னு தேடினேன், பாத்தா கிலோமீட்டர் கணக்குல நீளுது. மாவ்ஷி என் கையைப் பிடிச்சு நிறுத்தி கோபுரக் கலசத்தைக் காமிச்சா, கும்பிட்டா, போலாம்னுட்டா. அவ 22 வருஷமா வர்றா, உள்ள போனது ரெண்டே தடவையாம். ஏன்னு கேட்டேன். "கூட நடந்து வந்தாரே, இப்ப உள்ள போய் யாரைப் பாக்கறது?"ன்னா. நான் வரிசைல நிக்கல. கொஞ்சம் ஏக்கமாதான் இருந்துச்சு, மறைக்கல.

உன் முட்டியைப் பத்தி தலைவர்கிட்டயே கேட்டுட்டேன். முழுசா நடக்க வேண்டாம், முடியாதவங்க ஏத்தத்துல லாரில வரலாம், இல்லன்னா கடைசி ரெண்டு மூணு நாள் மட்டும் சேரலாம், கடைசியா தங்கற வாக்ரிங்கற ஊர்லேர்ந்து பண்டரிபுரம் கொஞ்ச தூரம்தான். ஷூ புதுசா வாங்காத, பழகின செருப்பே போதும், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட், காட்டன் புடவை மூணு. மக பிரசவம் அதுக்குள்ள ஆயிடும்ல? குழந்தைக்கு ஆறு மாசம் தாண்டியிருக்கும், ரெண்டு வாரம் உன்னை விடுவா. வேணும்னா நான் அவகிட்ட பேசறேன்.

மாவ்ஷி நேத்தும் கேட்டா, உன் கும்பகோணத்து சிநேகிதி பேரை எழுதிக்கட்டுமா, அடுத்த வருஷத்துக்கு ஆள் கணக்கு எடுக்கறாங்கன்னு. இன்னும் ஒண்ணும் சொல்லல. சீக்கிரம் பதில் போடு.

உன் பழைய ரூம்மேட்