பங்குனியில ஒரு தடவை வா பாப்பா

பாப்பா,

நல்லா இருக்கியா, மாப்பிள்ளைக்கு இருமல் விட்டுச்சா? நேத்து வீடியோ கால்ல நீ ஆபீஸ் கிளம்புற அவசரத்துல இருந்த, சொல்ல வந்தது பாதியில நின்னுபோச்சு, அதான் உக்காந்து டைப் பண்றேன், நீளமா போனாலும் படுக்கப்போறதுக்கு முன்னாடி படிச்சுரு.

நம்ம உப்புப் பாத்திக்கு வடக்கால இருக்குற கரையில உப்புக்கொத்திக் குருவி முட்டை விட்டுருக்கு. மூணு. நீ ஏழாவது படிக்கும்போது மிதிக்கப் போயி நான் கத்துனேனே, அந்த இடத்துலேர்ந்து பத்தடிகூட இருக்காது. கூடுன்னு ஒண்ணும் இல்ல, நெஞ்சால அழுத்தி ஒரு சின்னப் பள்ளம், அதுல உடைஞ்ச சிப்பித் துண்டு, காஞ்ச உமரிச் செடிக் குச்சி, அவ்வளவுதான். முட்டை களிமண்ணு நிறத்துல, மேல கருப்பா கிறுக்கிவிட்ட மாதிரி இருக்கு, கண்ணை எடுத்துட்டு திரும்பப் பாத்தா எங்கன்னு தேடணும். மத்தியானம் வெயில் ஏறுனதும் அது முட்டை மேல உக்காராம கால ஊனி நின்னு நிழல் குடுக்குது பாப்பா, நடுவுல ஓடிப்போயி தண்ணியில வயித்த நனைச்சுக்கிட்டு வந்து அந்த ஈரத்தோட திரும்ப நிக்குது. இத்தனூண்டு உடம்பு, நாப்பது கிராம் இருந்தா பெருசு. நான் கிட்டப் போனா ஒரு ரெக்கைய தரையில இழுத்துக்கிட்டு அடிபட்ட மாதிரி நொண்டி நொண்டி என்னை அந்தாண்ட கூட்டிட்டுப் போகுது, கொஞ்ச தூரம் போனதும் விர்ருனு பறந்துருது. நானும் அது இழுத்த பக்கமே போயிட்டு சுத்தி வந்துர்றேன், அதுக்கு நிம்மதியா இருக்கட்டும்னு.

இன்னொரு விஷயம் உனக்குத் தெரியாது. இத்தனை வருஷமா இதை வெளிநாட்டுலேர்ந்து வர்ற கெண்டிஷ் உப்புக்கொத்தியோட ஒரு வகைன்னுதான் வச்சிருந்தாங்க. 1915லயே தனிப் பேரு வச்சு எழுதிருக்காங்க, அப்புறம் 1930கள்ல அதோட சேத்துட்டாங்க. 2023லதான் மரபணு எல்லாம் பாத்து, கால் நிறம், ரெக்கை நீளம் எல்லாம் அளந்து, இது தனி இனம்தான்னு திரும்பச் சொல்லிருக்காங்க. தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் குஞ்சு பொரிக்குறது, அதனால ராமர் பாலம் கட்டுன கதைய வச்சு அனுமன் உப்புக்கொத்தின்னு பேரு. படிச்சப்ப எனக்கு நெஞ்சு நெறஞ்சுபோச்சு பாப்பா. கஜா புயல் வந்த 2018ல பாத்தி பூரா சேறு ஏறிக் கெடந்துச்சே, அடுத்த பங்குனியில அந்தச் சேறு காஞ்ச வெடிப்பு மேலயும் இது வந்து முட்டை விட்டுச்சு, அப்பத்தான் எனக்கும் தொழில விட்டுறக் கூடாதுன்னு ஒரு தெம்பு வந்துச்சு.

நீ எப்பவும் தையிலதான் வர்ற. பூநாரை பாக்க அது நல்ல நேரம்தான், ஆனா சேத்துல மேயுற உள்ளான் குருவிங்க எல்லாம் அப்ப சேத்து நிறத்துல இருக்கும், எது எதுன்னே தெரியாது. இப்ப வந்து பாக்கணும். மூக்கு வளைஞ்ச உள்ளான் கழுத்துலேர்ந்து வயிறு வரைக்கும் செங்கல் கலருக்கு மாறிடுச்சு, அதுலயும் சிலது பாதி சாம்பல் பாதி சிவப்பா திட்டுத்திட்டா நிக்குது. பொழுதன்னைக்கும் சேத்த குத்திக் குத்தித் தின்னு உடம்பு போடுது, சைபீரியாவுல வடகோடி வரைக்கும் போகணும்ல. போன வருஷம் பொறந்த குட்டிங்க சிலது மட்டும் நிறம் மாறாம இங்கயே கோடைய ஓட்டிரும். கொசு உள்ளான் கூட்டத்துல ஒவ்வொரு மூக்கா பைனாகுலர்ல பாக்குறேன், நுனி கரண்டி மாதிரி தட்டையா ஒண்ணாவது இருக்காதான்னு. கரண்டிமூக்கு உள்ளான் கோடியக்கரையில முன்னாடி பாத்ததா பதிவு இருக்கு, இன்னைக்கு உலகத்துலயே சில நூறுதான் மிச்சம். என் கண்ணுல பட்டதில்ல. இந்த வருஷமும் பாக்கத்தான் போறேன்.

கூட்டம் கொறஞ்சுபோச்சு, அதை உங்கிட்ட மறைக்க மாட்டேன். நான் பையனா இருக்கும்போது பம்பாய்லேர்ந்து பறவை ஆராய்ச்சிக்காரங்க வந்து வலை போட்டுப் பிடிச்சு பறவை காலுல வளையம் மாட்டுவாங்க, அப்ப கூட்டம் எழும்புனா சத்தம் நம்ம வீடு வரைக்கும் கேக்கும். இப்ப சதுப்புக்கு நல்ல தண்ணி வர்றது கொறைவு, உப்பளமும் பெருகிருச்சு, அதுல நம்ம பங்கும் இருக்கு. கடல் தண்ணி மொதல்ல தேங்குற குட்டையில புழுவும் சின்ன எறாவும் இருக்கும், உள்ளான் அங்கதான் மேயும், உப்பு கட்டுற பாத்திக்கு வந்துட்டா தண்ணி கடுத்துப் போயி அதுக்குத் தின்ன ஒண்ணும் இருக்காது. அதனால நம்ம முதல் குட்டைய இந்த வருஷம் ஆழம் வெட்டல, கணுக்கால் அளவு தண்ணியே நிக்கட்டும்னு விட்டுட்டேன், காலையில பாத்தா நூறு நூத்தம்பது உள்ளான் நிக்குது.

உனக்கும் அங்க சிங்கப்பூர்ல சுங்கே பூலோ சதுப்பு நிலம் இருக்குல்ல, மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை போ, கடல் தண்ணி ஏறுற நேரம் பாத்துப் போ, அப்பத்தான் எல்லாம் கரையோரம் ஒதுங்கும். பாத்தத எனக்கு போட்டோ எடுத்து அனுப்பு, நான் பேர் சொல்றேன். அடுத்த வருஷம் லீவ மட்டும் பங்குனிக்கு மாத்திப் போடு பாப்பா, பொங்கலுக்கு வரலேன்னா அம்மா கோவிச்சுக்குவா, அதை நான் பேசிக்கிறேன்.

வடக்குக் கரை லேசா கசியுது, மண்ணு வெட்டிப் போட ஆள் சொல்லியிருந்தேன், வேணாம்னுட்டேன். குஞ்சு பொரிக்க இருபத்தஞ்சு நாள் ஆகும், அதுவரைக்கும் சாக்கு மூட்டை வச்சு அடைச்சிருக்கேன், நாய் வராம முள்ளும் வெட்டிப் போட்டிருக்கேன், கொஞ்சம் தள்ளித்தான்.

கொல்லையில வேலியோரம் ஆறுமணிக் குருவி இன்னும் கிளம்பல, சாயந்தரம் சரியா கத்துது. நாளைக்கு ரெக்கார்ட் பண்ணி வாட்ஸ்அப்ல போடுறேன், ஹெட்போன் போட்டுக் கேளு, பின்னாடி அம்மா பாத்திரம் கழுவுற சத்தமும் வரும்.

அப்பா