கோய் குளச் சீரமைப்புப் பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம். பொதுக்குழுவின் ஒப்புதலுடன் தொடங்கிய குளச் சீரமைப்புப் பணி நிறைவடைந்து, நம் கோய் மீன்கள் (வண்ண அலங்காரக் கெண்டைகள்) புதிய குளத்தில் முதல் குளிர்காலத்தையும் கடந்துவிட்டன. செலவு, மதிப்பீட்டைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. அந்தக் கூடுதல் எதனால் வந்தது, யார் முடிவால் வந்தது என்று உறுப்பினர்கள் பலர் நேரிலும் எழுத்திலும் கேட்டிருக்கிறார்கள். கேட்பது அவர்கள் உரிமை என்பதால், இவ்வறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பழைய குழியை 1.5 மீட்டராக ஆழப்படுத்தி, ரப்பர் விரிப்பு இட்டு, 60,000 லிட்டர் கொள்ளும்படி கட்டிய வேலை குறித்த காலத்தில் முடிந்தது. கரைக்கல், மின்னிணைப்பு, இலை விழாமல் காக்கும் வலை ஆகியவற்றில் குறை ஏதும் இல்லை.

சிக்கல் குழாய்களில் எழுந்தது. நாம் ஒப்புக்கொண்ட வரைபடத்தில் நீரை உறிஞ்ச இரண்டு வழிகள் குறிக்கப்பட்டிருந்தன: வெயில் மாதங்களுக்குக் குளத்தின் அடியிலிருந்து ஒன்று, குளிர் மாதங்களுக்கு நடு ஆழத்திலிருந்து ஒன்று. வடிகட்டியிலிருந்து திரும்பும் நீர் குளக்கரைச் செயற்கை அருவியின் மேல் ஏறாமல் நீர்மட்டத்துக்குக் கீழேயே குளத்தில் சேர ஒரு மாற்றுக் குழாயும் அதில் இருந்தது. ஒப்பந்தக்காரர் அடிக்குழாயை மட்டும் பதித்து, அதன் மேல் கல் பாவியும் முடித்துவிட்டார். கேட்டபோது, ஓடும் நீர் உறையாது, அருவியை இரவும் பகலும் ஓடவிட்டால் போதும், இரண்டாவது குழாய் வீண் செலவு என்று வாதிட்டார். வரைபடத்தில் உள்ளதைச் செய்து தர மறுத்து, பாவிய கல்லைப் பெயர்ப்பதற்குத் தனிக் கூலியும் கேட்டார். குழு அதற்கு இணங்கவில்லை. வேறு ஆட்களைக் கொண்டு கல்லைப் பெயர்த்து, பள்ளம் தோண்டி, குழாய்களைப் பதித்து, மீண்டும் பாவச் செய்தோம். கூடுதல் செலவு முழுவதும் இதற்கானதே. ஒப்பந்தக்காரருக்குரிய கடைசித் தவணையை இன்னும் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

ஒரு குழாய்க்காக இவ்வளவு பிடிவாதம் தேவையா என்று கேட்டவர்களுக்குக் குழுவின் விடை இதுதான். நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கிறது. அதற்குக் கீழே குளிரும் நீர் இலேசாகி மேலே நிற்பதால், மேற்பரப்பு உறைந்தாலும் ஆழமான குளத்தின் அடி 4 டிகிரியை ஒட்டியே இருக்கும். கோய் சூழலின் வெப்பநிலையையே தன் உடல் வெப்பநிலையாகக் கொண்ட மீன். குளிர் மிகுந்ததும் அது அந்த அடிநீரில் இறங்கி, அசைவைக் குறைத்து, உடலில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கொண்டு காலம் தள்ளுகிறது. அந்த நீரையே அடியிலிருந்து உறிஞ்சி, உறைபனிக் காற்றில் அருவியாகக் கொட்டினால், குளம் முழுவதும் கலங்கிப் பூச்சியத்தை நெருங்கிவிடும். இரை எடுக்க முடியாத நாட்களில் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் சுமையும் மீனுக்கு வந்து சேரும். அடிநீரைத் தொடாமல் விடுவதற்காகவே அந்த நடு ஆழக் குழாய்; இன்று கேட்டாலும் குழு இதே முடிவைத்தான் எடுக்கும்.

அதே பணத்தில் குளத்தைச் சூடேற்றியிருக்கலாமே என்ற கருத்தும் வந்தது. 60,000 லிட்டர் நீரை ஒரு டிகிரி மட்டும் உயர்த்தவே ஏறத்தாழ 70 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். திறந்த வெளியில் அந்தச் சூடு உடனே இறங்கத் தொடங்கும். மின்சாரம் நின்ற ஓர் இரவில் நீர் சடசடவெனக் குளிர்வது, நிலையான குளிரைவிட மீனுக்குக் கொடியது. கோய் வளர்ப்பின் தாயகமான ஜப்பானின் நீகாட்டாவில், பனி கொட்டுவதற்கு முன்பே மண்குளங்களிலிருந்து மீன்களைப் பிடித்து உட்கூடத் தொட்டிகளுக்கு மாற்றிவிடுகிறார்கள். அத்தகைய கூடம் நமக்கு இல்லாததால், ஆழத்தையும் அசையா நீரையும் நம்பினோம்.

முழுக் குளத்துக்குப் பதிலாக, பனிப்பரப்பில் ஒரு துளை மூடாமல் இருக்க மிதக்கும் சிறு சூடேற்றியும் காற்றுக் குழாயும் வைத்தோம். பனி முழுதாக மூடிக்கொண்டால், அடியில் அழுகும் இலைகள் பிராணவாயுவைத் தின்று, கரியமில வாயுவையும் ஹைட்ரஜன் சல்பைடையும் வெளியிடும். அவற்றுக்கு வெளியேற வழி இராது. காற்றுக் குழாயின் முனையில் குமிழிகளை வெளிவிடும் காற்றுக்கல்லை அடியில் வைக்காமல் மேல்மட்டத்தில் தொங்கவிட்டதும் அடிநீர் கலங்கக் கூடாது என்பதற்காகத்தான். துளை மூடிய ஒரு நாளில் உறுப்பினர் ஒருவர் கடப்பாரையால் பனியைக் குத்த முனைந்தார். அவர் நோக்கம் நல்லதுதான், ஆனால் அந்த அதிர்ச்சி நீரினூடே பாய்ந்து மீனைத் தாக்கும். வெந்நீர் நிறைந்த பாத்திரத்தைப் பனியின் மேல் வைத்து உருக்குவதே முறை.

வடிகட்டியை ஏன் நிறுத்தவில்லை என்பதற்கும் விடை உண்டு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்க வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் 10 டிகிரிக்குக் கீழே மந்தமாகி, 5 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய ஓய்ந்துவிடுகின்றன. ஆனாலும் நீரோட்டம் அடியோடு நின்றால் பிராணவாயு இல்லாமல் அவை மடிந்துவிடும். ஆகவே நடு ஆழக் குழாய் வழியே மெல்லிய ஓட்டத்தை மட்டும் விட்டுவைத்தோம்.

காற்றுப் பம்பை ஒரு மூத்த உறுப்பினரும், சூடேற்றியை மகளிர் பிரிவினரும், மேல் நடுவில் ஒன்றும் அடியில் ஒன்றுமாக இரு வெப்பமானிகளை முன்னாள் செயலாளரும், வலையை இளைஞர் பிரிவினரும், கற்களைப் பெயர் வெளியிட விரும்பாத இருவரும் அளித்தனர். கல் பெயர்த்த நாட்களில் உணவளித்தவர்கள், இரவுக் காவல் இருந்தவர்கள், கைவண்டி தந்தவர்கள், பள்ளம் தோண்டக் கைகொடுத்தவர்கள் என அனைவர் பெயரும் அறிவிப்புப் பலகையில் உள்ளன. விடுபட்டவர் யாரேனும் இருந்தால் செயலாளரிடம் தெரிவிக்க வேண்டுகிறோம். இக்குளிர்காலத்தில் ஒரு மீனையும் இழக்கவில்லை என்பதைப் பெருமையுடன் பதிவு செய்கிறோம்.

பனி உருகியதும் மீன்கள் மேலே வருகின்றன. இரை போடச் சொல்லி உறுப்பினர்கள் வற்புறுத்துகிறார்கள். ஒட்டுண்ணிகளும் நோய்க்கிருமிகளும் விழித்துக்கொள்ளும் வேகத்தில் மீனின் நோய் எதிர்ப்பாற்றல் விழிப்பதில்லை. குடலும் இன்னும் செரிக்கத் தயாராக இல்லை. நீர் தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல் நின்ற பிறகே, எளிதில் செரிக்கும் கோதுமை முளை இரையைச் சிறிது சிறிதாகத் தொடங்குவோம். புரதம் மிகுந்த இரை 15 டிகிரியைத் தாண்டிய பின்னரே. அதுவரை இரைப் பெட்டியின் சாவி பொருளாளரிடம் இருக்கும்.