எவ்வளவு லெஸ் போடலாம் என்று கேட்டாயே

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய டெண்டர் ஆவணத்தை முழுதும் படித்தேன். ஊராட்சி ஒன்றிய வேலை, இரண்டு வகுப்பறை, ஜி.எஸ்.டி. சேர்க்காமல் மதிப்பீடு 30 லட்சம். மதிப்பீட்டை விட எத்தனை சதவீதம் குறைத்து விலை போடலாம் என்பதைத்தான் "எவ்வளவு லெஸ் போடலாம் அம்மா?" என்று கேட்டிருக்கிறாய். அப்பாவின் ஒப்பந்தக் கணக்கை எழுதுவது நான்தான் என்பதால் என்னைக் கேட்டது சரி. ஆனால் அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள். உன் அடக்கம் என்ன, அதாவது வேலைக்கு உனக்கு ஆகும் செலவு எவ்வளவு என்பதை முதலில் நீயே போட்டுப் பார்க்க வேண்டும்.

மதிப்பீட்டு விகிதத்துக்குள்ளேயே ஒப்பந்ததாரரின் லாபத்தையும் மேல்செலவையும் சேர்த்துத்தான் போடுவார்கள். மத்தியப் பொதுப்பணித் துறையில் இரண்டுக்கும் சேர்த்து அடக்கத்தின் மேல் 15 சதவீதம். உன் வேலைக்கு எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று டேட்டாவை, அதாவது விகிதம் எப்படி வந்தது என்ற கணக்கை, கேட்டுப் பார். இப்போதைக்கு 15 என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 30 லட்சத்தில் அடக்கம் சுமார் 26 லட்சத்து 9 ஆயிரம். நீ 10 சதவீதம் லெஸ் போட்டால் கைக்கு வருவது 27 லட்சம். மிச்சம் 91 ஆயிரம். சைட் மேஸ்திரி சம்பளம், ஷெட் வாடகை, உன் வண்டிப் பெட்ரோல் எல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும். இனி வட்டியைப் பார். 10 லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 20 ஆயிரம். வேலை முடிந்து, எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் அளவு ஏறி, நிதி வந்து, பில் பாஸாக நான்கு மாதம் ஆனால் 80 ஆயிரம் அதிலேயே போய்விடும். 10 சதவீதம் லெஸ் என்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிறார்கள், அதற்குள் இவ்வளவு இருக்கிறது.

அப்பா போடும் விகிதத்தை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதே. எங்களுக்குப் புதுக்கோட்டையில் ஜல்லி பக்கத்துக் குவாரியிலேயே கிடைக்கிறது. உன் மன்னார்குடிப் பக்கம் வண்டல் மண், ஜல்லிக்கு லாரி எங்கள் பக்கமிருந்துதான் வரவேண்டும். லீட், அதாவது பொருளைக் கொண்டுவரும் தூரம், எத்தனை கிலோமீட்டர் என்று மதிப்பீட்டில் எழுதியிருக்கிறார்கள், லாரிக்காரர் கேட்கும் வாடகையோடு அதை ஒப்பிடு. அவர்கள் யூனிட் கணக்கில்தான் விலை சொல்வார்கள். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். மதிப்பீடு கன மீட்டரில் இருக்கும். இந்த மாற்றத்தை அவசரத்தில் போடாமல் எழுதி வைத்துக்கொள். சிமென்ட்டுக்கு, எம்20 கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு 8 மூட்டை என்று போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

அப்புறம் மழை. ஒர்க் ஆர்டர் அக்டோபரில் கைக்கு வந்தால் அந்தக் களிமண்ணில் அஸ்திவாரக் குழி தோண்டித் தண்ணீர் இறைத்தே பணம் கரையும். மோட்டார் வாடகை மதிப்பீட்டில் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் அதை நீ உன் விகிதத்தில் ஏற்றியாக வேண்டும். பள்ளி நடக்கிற நேரத்தில் லாரி உள்ளே விட மாட்டார்கள், அதனால் கான்கிரீட் போடுவது சனி, ஞாயிறில்தான். அன்றைக்கு ஆள் கூலி எவ்வளவு என்று கொத்தனாரிடமே கேள்.

காகிதங்களைப் பற்றி உனக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈ.எம்.டி. என்கிற முன்வைப்புத் தொகை ஒரு சதவீதம், 30 ஆயிரம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் காலாவதியாகவில்லையே என்று இன்றைக்கே பார். விலைப் பட்டியல் எக்ஸெல் கோப்பின் பெயரை மாற்றாதே, மாற்றினால் இணையதளம் ஏற்காது. 2 கோடிக்குள் இருக்கும் டெண்டருக்குத் தமிழ்நாட்டு விதிப்படி பொதுவாக 15 நாள் அவகாசம். கடைசி நாள் மத்தியானம் வரை இழுக்காமல் முந்தின நாளே ஏற்றிவிடு. ஜி.எஸ்.டி.யை அவர்கள் தனியாகத் தருகிறார்களா, நீ போடும் விகிதத்துக்குள் வருகிறதா என்று ஷரத்தைப் படி. 2022 ஜூலையில் அரசு வேலைகளுக்கு 12-லிருந்து 18 சதவீதமாக ஏறியதல்லவா, இந்த ஷரத்து எவ்வளவு முக்கியம் என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. பில்லில் வருமான வரி ஒரு சதவீதம், ஜி.எஸ்.டி. 2 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அவை பின்னால் கணக்கில் வரவாகும், ஆனாலும் வேலை நடக்கும்போது கையில் இருக்காது.

போட்டிக்காரர் எவ்வளவு போடுவார் என்று உன் மாமனார் யூகம் சொல்வார். கேட்டுக்கொள், ஆனால் அதை வைத்து விலை போடாதே. விலை திறந்த பிறகு யார் எவ்வளவு போட்டார் என்பது இணையதளத்தில் தெரியும். உன் ஒன்றியத்தில் திறக்கும் ஒவ்வொரு டெண்டரையும் ஒரு நோட்டில் எழுதி வா. எந்த வேலைக்கு ஐந்தாறு பேர் வந்து 20 சதவீதம் லெஸ் போடுகிறார்கள், எதற்கு இரண்டு பேர்தான் வருகிறார்கள் என்று சில மாதத்தில் பிடிபடும். பெரிய சாலை வேலைக்கு எல்லோரும் ஓடுவார்கள். கழிப்பறை, சுற்றுச்சுவர், பழுது பார்த்தல் போன்றவற்றுக்குக் கூட்டம் குறைவு. உன்னை மாதிரிப் புதிதாக வந்தவருக்கு அங்கேதான் இடம், முன் அனுபவச் சான்றும் அங்கிருந்துதான் சேரும். பெரிய வேலைக்குப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள். மத்தியப் பொதுப்பணித் துறையில் அதே மாதிரி வேலை ஒன்று காட்டினால் அது புது வேலையின் மதிப்பில் 80 சதவீதத்துக்கு முடித்ததாக இருக்க வேண்டும், மூன்று என்றால் ஒவ்வொன்றும் 40 சதவீதம்.

"நாமெல்லாம் பேசிப் பிரித்துக்கொள்வோம், இந்த முறை விட்டுக்கொடு" என்று யாராவது வந்தால் ஒத்துக்கொள்ளாதே. அது போட்டிச் சட்டம் தடை செய்த காரியம். ஒருமுறை சேர்ந்துவிட்டால் அடுத்த வேலையை உனக்கு அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். குறைந்த விலை போட்டும் உன்னைக் காரணமில்லாமல் தள்ளினால் 1998-ஆம் வருஷத்து டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. உத்தரவு கைக்கு வந்து 10 நாளுக்குள் செய்ய வேண்டும், அதனால் அந்தத் தேதியைக் குறித்து வை.

என் கணக்குப்படி இந்த வேலைக்கு 4 சதவீதத்துக்கு மேல் இறங்க வேண்டாம். சைட்டைப் பார்த்த பிறகு அது 2 ஆனாலும் சரி. கிடைக்காமல் போனால் போகட்டும், அடுத்ததற்குப் போடலாம். 10 லட்சமாவது சுழற்றக் கையில் இல்லாமல் இறங்கவே இறங்காதே. அப்பா 3 லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார், வட்டியில்லாமல்தான். மீதியை வங்கியில் கேட்கலாம், மாப்பிள்ளையோடு பேசி முடிவு செய்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பள்ளிக்கு நேரில் போ. லாரி திரும்ப இடம் இருக்கிறதா, தண்ணீர் எங்கிருந்து எடுப்பது, கம்பி இறக்கினால் ராத்திரி யார் பார்த்துக்கொள்வது என்று தலைமையாசிரியரிடமும் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் விசாரி. சாயங்காலம் கூப்பிடு. போன மாதம் கம்பியும் எம்-சாண்டும் வாங்கின பில் என்னிடம் இருக்கிறது, இரண்டு பேருமாக உட்கார்ந்து அடக்கம் போடலாம்.

அன்புடன்,
அம்மா