பென்சிலை என் பக்கம் தள்ளியவர்களுக்கு

எங்கள் பல்கலைக்கழக ரைட்டிங் சென்டர் (மாணவர்களின் எழுத்துக்கு உதவும் மையம்) நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் தனியாக நன்றி சொல்லிவிட்டேன். அடுத்த ஆண்டு நம் ஊரிலிருந்து அமெரிக்கா வரப்போகும் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இந்த மடல்.

முதல் நாள் உங்கள் மேல் கோபத்தோடுதான் வெளியேறினேன். ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் ‘தெளிவில்லை’ என்ற ஒரே சொல்லோடு திரும்பி வந்திருந்தது. பிழை திருத்தித் தருவீர்கள் என்று நம்பி வந்தால், பென்சிலை என் பக்கம் தள்ளிவிட்டு, “சத்தமாகப் படியுங்கள்” என்றார் டியூட்டர். என்னைவிட இளையவர், இளங்கலை மாணவி. மூன்றாவது வாக்கியத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. “சரி, தாளை மூடுங்கள். என்ன கண்டுபிடித்தீர்கள், அதைச் சொல்லுங்கள்.” கிணற்று நீர்மட்டம் பற்றி நான் வாயால் சொன்னதை அப்படியே துண்டுத் தாளில் குறித்து நீட்டினார். அந்த அத்தியாயத்தின் முதல் வாக்கியம் இன்று அதுதான். காரணங்களை அடுக்கிவிட்டு முடிவைக் கடைசியில் சொல்வது என் பழக்கம். தமிழ் வாக்கியத்தின் கடைசியில் வரும் வினைமுற்றுக்காகக் காத்திருந்தே வளர்ந்தவன் வேறு எப்படி எழுதுவேன்!

அப்புறம் ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் அந்த ‘தி’ (the) விவகாரம். 12 ஆண்டுகள் தமிழ்வழியில் படித்த எனக்கு அதை எங்கே போடுவது என்பது குத்துமதிப்புதான். இன்னொரு டியூட்டர் விதி எதுவும் ஒப்பிக்கவில்லை. “எதைச் சொல்கிறீர்கள் என்று படிப்பவருக்கு முன்பே தெரியுமா? உங்கள் மொழியில் அதை எப்படிக் காட்டுவீர்கள்?” என்று கேட்டார். யோசித்தேன். ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் நாம் பேசிக்கொண்டிருந்த அந்தப் புத்தகம். இரண்டாம் வேற்றுமை பள்ளியில் மனப்பாடம் செய்தது. அதற்கு இப்படி ஒரு வேலை இருப்பது அன்றுதான் உறைத்தது. எல்லா இடத்திலும் ஒத்துவராதுதான். ஆனாலும் என் தப்புகளில் பாதி அதோடு போயின.

தேர்வு வாரத்தில் யாரோ ரத்து செய்த நேரத்தை எனக்காகப் பிடித்துவைத்த வரவேற்பு மேசை அக்காவுக்கும் நன்றி. மையம் மூடியபின் கைகொடுத்தது பர்டூ பல்கலைக்கழகம் 1994இல் தொடங்கிய இணைய எழுத்துக்கூடம். இரண்டு ஆசிரியர் பெயர்களுக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் ‘&’ வரும், வாக்கியத்துக்குள் ‘அண்ட்’ வரும் என்கிற ஏபிஏ (ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோள் காட்டும் முறைகளில் ஒன்று) நுணுக்கமெல்லாம் இரவு ஒரு மணிக்கு அங்கே பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

வரப்போகும் பிள்ளைகளே, எங்கள் மையத்தில் இதற்குக் காசு கிடையாது. உங்கள் கல்லூரியிலும் விசாரியுங்கள். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின இரவு மட்டும் போய் நிற்காதீர்கள், நான் நின்றிருக்கிறேன்.

அக்கா, மேசையில் வைத்துவிட்டு வந்த முறுக்கு டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம்.

அன்புடன்,
செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்காரன்