கழன்று கிடந்த ஜெட்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்பதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பழைய பயிற்சி விமானம் ஒன்றைப் பிரித்துக் கோக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் ஒரு விசாரணை அறிக்கையைப் படித்துவிடு. 2015 மார்ச் 5 அன்று, கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் விழுந்த ரயன் என்ற பழைய பயிற்சி விமானத்தின் அறிக்கை அது. ஓட்டியவர் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு என்பதால் செய்தித்தாள்கள் அவரைப் பற்றியே எழுதின. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரைப் பற்றி அதிகம் பேசவில்லை.

மேலேறிக்கொண்டிருந்தபோது, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 அடியில் எஞ்சின் சக்தி போய்விட்டது. அவர் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காமல், மணிக்கு 85 மைல் வேகத்தைப் பிடித்துக்கொண்டு, விமான நிலையத்தை நோக்கி இடப்பக்கம் திரும்பினார். ஓடுபாதை எட்டவில்லை. 65 அடி மரத்தின் உச்சியில் உரசி, கோல்ஃப் மைதானத்தில் மோதி இறங்கியது. பலத்த காயம், ஆனால் உயிர் தப்பினார்.

பிரித்துப் பார்த்தபோது கார்புரேட்டரின் மெயின் ஜெட் தான் உட்காரும் இருக்கையை விட்டுக் கழன்று, 90 டிகிரி பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. ஜெட் என்பது நடுவில் சிறு துளை போட்ட ஒரு திருகுதானே. அது அழுந்த உட்கார்ந்திருக்கும்வரை பெட்ரோல் அந்தத் துளையின் அளவுக்குத்தான் போகும். கழன்றுவிட்டால் சுற்றியிருக்கும் இடைவெளியெல்லாம் வழி. அளவில்லாமல் பெட்ரோல் பாய்ந்து கலவையில் பெட்ரோல் மிஞ்சிவிடுகிறது. சுமார் 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்பது முழுதாய் எரியும் எடை விகிதம். காற்று 8 பங்குக்கும் கீழே போனால் பற்றவே பற்றாது. டாங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் எஞ்சின் அடங்கிவிடும்.

ஏன் கழன்றது? விமானத்தைப் புதுப்பித்தபோது, அதாவது விபத்துக்குச் சுமார் 17 வருடம் முன்பு, கார்புரேட்டரையும் பிரித்துக் கோத்திருந்தார்கள். அதன்பின் உள்ளே பார்க்கச் சொல்லும் பராமரிப்புக் குறிப்பு எதுவும் இல்லை. காலப்போக்கில் ஜெட் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்திருக்கக்கூடும் என்கிறது அறிக்கை. புத்தகத்தில் இல்லாததை யாரும் செய்யவில்லை. எனக்கு இதுதான் மனதை உறுத்துகிறது. உன் லாக் புத்தகத்தில் நீயே ஒரு வரி சேர்த்துவிடு: இத்தனை மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றி ஜெட்டின் இறுக்கம் பார்க்கவும்.

கோக்கும்போது மரையையும் ஜெட் உட்காரும் இருக்கையையும் உருப்பெருக்கியில் பார். தேய்ந்திருந்தால் ஜெட்டை மாற்று, கூடுதலாக முறுக்கிச் சமாளிக்காதே. பெட்ரோலில் கரையும் பசை எதையும் மரையில் தடவாதே. உதிரும் துணுக்கு ஜெட்டையே அடைக்கும். கார்புரேட்டரின் வெளியே உள்ள அடைப்புத் திருகுகளுக்கு 0.032 அங்குல சேஃப்டி வயர் (திருகு தளராமல் கட்டும் கம்பி), அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு. கம்பியின் இழுப்பு, திருகு இறுகும் பக்கமே இருக்கவேண்டும். ஓட்டிப் பார்த்தபின் ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்திருந்தால், புகை கறுப்பாக வந்தால், பறக்கவிடாமல் நிறுத்து.

தோள்பட்டை வாரையும் மறக்காதே. அந்த விமானத்தில் அதை இருக்கை முதுகின் அடிப்பாகத்தில், பலப்படுத்தும் தகடு எதுவும் இல்லாமல் போல்ட் போட்டிருந்தார்கள். மோதலில் பிடிப்பு விட்டுப்போனது. வார் கீழிருந்து இழுத்தால் முதுகெலும்பை அழுத்தும் என்பது உனக்குத் தெரியும். தோள் உயரத்தில், சட்டகத்தோடு சேர்த்துப் பிடி.

உங்கள் விமானத்தில் வார் மாட்டியிருக்கும் இடத்தை, பின்பக்கம் தெரியும்படி படம் எடுத்து அனுப்பு. போல்ட் தலையின் கீழ் என்ன வாஷர் இருக்கிறது என்பதும் தெரியவேண்டும்.

அன்புடன்,
கணேசன்