மேடையில் பொன்னாடை போதும்
சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் செயலவையினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர், செயலாளர், பொருளாளர் அனைவருக்கும் வணக்கம்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் நடக்கும் கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: “சிறப்பு விருந்தினருக்கு என்ன கொடுக்கலாம்?” வருபவர் எழுத்தாளரோ பாடகரோ என்றால் அது உங்கள் விருப்பம். அமைச்சரோ, நாடாளுமன்ற உறுப்பினரோ, நம் மானிய விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரியோ என்றால் அது வேறு கதை.

பரிசுகள் வாங்கியதற்காக முன்னாள் அமைச்சர் ஈஸ்வரன் மீது நடந்த வழக்கை நாம் பேசாத இடமில்லை. “நண்பர் கொடுத்தார், வாங்கிக்கொண்டார். இதற்குப் போய்ச் சிறையா?” என்று தேக்கா சாப்பாட்டுக் கடைகளில் இன்றும் யாராவது கேட்கிறார்கள். நம்மவர் என்ற வருத்தம் அதில் பாதி. மீதி, சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாததுதான். தண்டனைச் சட்டத்தின் 165வது பிரிவின்கீழ், பதிலுக்கு அவர் என்ன செய்து கொடுத்தார் என்று நிரூபிக்கத் தேவையே இல்லை. தன் அலுவலோடு தொடர்புள்ள ஒருவரிடமிருந்து ஓர் அரசாங்க ஊழியர் மதிப்புள்ள பொருளைக் காசு கொடுக்காமலோ, பேருக்கு ஏதோ கொடுத்தோ பெற்றாலே குற்றம். ஃபார்முலா ஒன் டிக்கெட்டுகள், விமானப் பயணம், விஸ்கி, ஒரு பிராம்ப்டன் சைக்கிள் என்று வழக்கில் பேசப்பட்டவற்றின் மதிப்பு 400,000 வெள்ளியைத் தாண்டியது. அரசுத் தரப்பு கேட்டது ஆறேழு மாதம். 2024 அக்டோபர் 3ஆம் தேதி நீதிபதி விதித்ததோ 12 மாதம். அந்தத் தீர்ப்பில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. பெரிய பதவிக்குப் பெரிய கணக்கு இருக்கத்தான் வேண்டும்.

சரி, அது அமைச்சர் கதை, நமக்கென்ன என்பீர்கள். வாங்குகிற கையைத்தான் எல்லோரும் பார்க்கிறோம், நீட்டுகிற கை பெரும்பாலும் நம்முடையது. சாதாரண அதிகாரிக்கும் விதி கடுமையானதுதான். பணி நிமித்தம் வரும் பரிசைப் பொதுவாக ஏற்கக் கூடாது. மறுக்க முடியாத சூழலில் வாங்கினால் அலுவலகத்தில் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். 50 வெள்ளிக்குக் கீழே, நேர்மைக்குப் பங்கமில்லாத பொருள் என்றால்தான் தானே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால், வைத்துக்கொள்ள விரும்புபவர் உரிய விலையைக் கட்ட வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தின் நிகழ்ச்சி அன்று மாலை, மானியம் தொடர்பாக ஓர் இளம் அதிகாரி மண்டபத்துக்கு வந்திருந்தார். புறப்படும்போது பொருளாளர் ஒரு பெரிய பையை நீட்டினார். மேலே இனிப்புப் பெட்டி, அடியில் பட்டுப்புடவை. “வேண்டாம் சார், வாங்கக் கூடாது” என்று அந்தப் பெண் இரண்டு மூன்று முறை சொல்லிவிட்டார். “அட, தீபாவளிம்மா! இது நம்ம பழக்கம், மறுக்கக் கூடாது” என்று நம்மவர் விடவில்லை. சுற்றி நின்ற பெரியவர்களும் சிரித்துக்கொண்டே சேர்ந்துகொண்டார்கள். லிஃப்ட் வரைக்கும் பை பின்னாலேயே போனது. கடைசியில் ஒரே ஒரு லட்டை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார். வயதில் மூத்தவர்களை எதிர்த்துப் பேசப் பழகாத ஒரு பிள்ளையை அப்படி நிற்க வைத்ததற்குப் பெயர் விருந்தோம்பலா?

அப்புறம், டிக்கெட் விஷயம். நம் கலை இரவுகளின் முதல் வரிசை இருக்கைகளில் எத்தனை, நம்மோடு அலுவல் உள்ள அதிகாரிகளின் குடும்பங்களுக்கு இலவசமாகப் போகின்றன? மேடையேறி உரையாற்ற வருபவருக்கு ஓர் இருக்கை கொடுப்பது இயல்பு. அவர் மைத்துனர் குடும்பத்துக்கும் சேர்த்து ஆறு டிக்கெட் உறையில் போட்டு அனுப்புவதை அப்படிச் சொல்ல முடியாது. ஃபார்முலா ஒன் டிக்கெட்டுக்கு முகம் சுளித்த நாம் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

கொடுப்பவருக்கு ஆபத்தில்லை என்றும் எண்ண வேண்டாம். 1960ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் கையூட்டு கொடுத்தவரையும் வாங்கியவரையும் சேர்த்தே பிடிக்கிறது. அரசாங்கத்தோடு காரியம் உள்ள ஒருவர் அரசாங்க ஊழியருக்கு ஏதும் கொடுத்தது வழக்கில் உறுதியானால், அது கையூட்டு அல்ல என்று காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழும். “அன்பளிப்புங்க” என்று நீதிமன்றத்தில் சொன்னால் மட்டும் போதாது.

பொன்னாடையை விடச் சொல்லவில்லை. ஊரறிய மேடையில் போர்த்துவதில் ஒளிவுமறைவு இல்லை, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அழைப்பிதழோடு போகும் கடிதத்திலேயே “பரிசு எதுவும் வழங்கப்படாது” என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் வருபவருக்கும் நிம்மதி. யாருக்கு இலவச டிக்கெட் போனது, ஏன் போனது என்பதைச் செயலாளர் குறித்து வைக்கட்டும், உறுப்பினர் யார் கேட்டாலும் காட்டட்டும். அதிகாரிக்கு நன்றி சொல்ல வேண்டுமா, அவருடைய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். புடவையைவிட அது அவருக்கு உதவும்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் வரவு செலவுக் கணக்குக்கு முன்னால் இதை ஓர் அம்சமாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கணக்குக்குப் பிறகு வைத்தால் பாதிப் பேர் சாப்பிடப் போய்விடுகிறார்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஓர் உறுப்பினர்