கோல்கள் பத்திரம், பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவோடு ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் கதைக்கிறாய். போன் என் கைக்கு வந்தால் மட்டும் "அப்பா சாப்பிட்டாச்சோ" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். பரவாயில்லை, முகாமில் களைப்பு இருக்கும். ஆசிய விளையாட்டில் கோலூன்றிப் பாய ஜப்பானுக்குப் போகிறாய், எழுதி வைத்தால் நினைத்த நேரம் எடுத்துப் பார்க்கலாம் என்றுதான் எழுதுகிறேன். தம்பி படம் பிடித்து அனுப்புவான்.

முதலில் கோல்கள். மூன்றையும் கொண்டு போ: 3.70 மீற்றரில் 130 இறாத்தல் (பாய்கிறவரின் நிறைக்கென்று கோலில் போட்ட எண்), 4 மீற்றரில் 130, 135. பையில் போட முன் ஒவ்வொன்றையும் தனியாகப் படம் எடு. இறாத்தலும் வளைவு எண்ணும் படத்தில் தெரிய வேண்டும். ஒரே இறாத்தல் போட்ட இரண்டு கோலும் ஒரே மாதிரி வளையாது. நடுவில் 50 இறாத்தல் தொங்கவிட்டு எத்தனை சென்ரிமீற்றர் தாழ்கிறது என்று பார்த்துப் போட்ட எண்தான் சரியான கதை. எண் குறைந்தால் கோல் விறைப்பு. பைக்குள் போடும்போது மூன்றையும் சேர்த்து மூன்று இடத்தில் கட்டு, இரண்டு முனையிலும் பழைய துவாயை அடை. ஸ்பைக் சப்பாத்தை அந்தப் பைக்குள் வைக்கவே வைக்காதே. ஆணி உரசிய ஒரு கீறல் போதும், கோல் வளையும்போது அந்த இடத்தில்தான் முறியும்.

விமான நிறுவனத்தின் சம்மதக் கடிதத்தை அச்சடித்துக் கையில் வை. போனில் இருப்பதை மேசையில் நிற்கிறவர் பார்க்கமாட்டார். நரிட்டா விமான நிலையத்தில் இறங்கி நகோயாவுக்கு புல்லட் ரயிலில் போவது என்று யாராவது சொன்னால் அப்போதே முகாமையாளரிடம் கேள்: இரண்டு மீற்றருக்கு மேல் நீளமான பொதியை அதில் ஏற்ற விடமாட்டார்கள். கோலுக்கு லொறி வேண்டும். எங்களுடையது சின்ன அணி, மெய்வல்லுநருக்கு வருகிற ஒன்றிரண்டு அதிகாரிகளுக்கு ஓட்டக்காரரின் வேலையே தலைக்கு மேல் இருக்கும். உன் கோலை நீதான் நினைக்க வேண்டும். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் பிரேசிலின் ஃபபியானா முரருக்கு இறுதிப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கோலைக் காணவில்லை. அவ்வளவு பெரிய அணிக்கே அப்படி. வந்து சேராவிட்டால் வெட்கப்படாமல் மற்ற நாட்டுப் பிள்ளைகளிடம் கேள், கொடுப்பார்கள். ஆனால் சொந்தக்காரி சம்மதிக்காமல் ஒருவருடைய கோலைத் தொடக்கூடாது, அது சட்டம்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு பஞ்சுத் துண்டை மேலிருந்து கீழே, சுற்றிச் சுற்றித் தடவு. நார் எங்கே மாட்டுகிறதோ அங்கே கீறல். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அந்தக் கோலை வளைக்கவே வேண்டாம். கோல் முறிந்தால் அந்த முயற்சியைத் தவறாக எடுக்கமாட்டார்கள், திரும்பப் பாய விடுவார்கள். கையும் முதுகும் அப்படியில்லை.

அடுத்தது மைதானம். அங்கே தொடக்க உயரமே உன்னுடைய நல்ல பாய்ச்சலுக்குக் கிட்டத்தான் இருக்கும். ஆறுதலாக இரண்டு உயரம் பாய்ந்து சூடாகலாம் என்று நினைத்துப் போகிற சின்ன நாட்டுப் பிள்ளைகள் உயரமே பதியாமல் திரும்புவது இதனால்தான். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு ஓடுபாதையில் பயிற்சிக்கு நிற்கும்போது உனக்கு இரண்டு மூன்று பாய்ச்சல்தான் கிடைக்கும். முதலாவதை 3.70 கோலில் பாய், அடுத்தது போட்டிக் கோல். ஓடிப்பார்க்கிறேன் என்று முறை வீணாக்காதே. உன் பெயரைக் கூப்பிட்டு, தாண்டவேண்டிய கம்பு சரியான இடத்தில் இருந்தால் ஒரு நிமிடம்தான்.

கம்பைத் தாங்கும் தூண் 80. கோல் ஊன்றும் பெட்டியின் முடிவில் இருக்கிற பூச்சியக் கோட்டிலிருந்து கம்பை 80 சென்ரிமீற்றர் வரை மெத்தைப் பக்கம் உள்ளே தள்ளலாம், நீ 80 என்றே எழுதிக் கொடு. மாற்றுவதென்றால் கம்பை வைக்க முன் சொல், பிந்தினால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

தம்பி காட்டிய அந்த வீடியோவில் தூண் 45இல் நிற்கிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கோல் நிமிர்ந்து உள்ளே போகாதபோதுதான் ஒருவர் கம்பைக் கிட்டக் கேட்பார். அப்படிப் பாய்ந்தால் மெத்தையின் நடுவில் விழவேண்டிய உடம்பு பெட்டிக்குப் பக்கத்தில் விழும். 80, பிள்ளை.

காற்று எதிரே அடித்தால் ஓட்டம் தொடங்கும் குறியை ஒரு பாதம் முன்னுக்கு எடு, விறைப்புக் குறைந்த கோல். பின்னாலிருந்து தள்ளினால் குறியைப் பின்னுக்கு எடு. பிடியைக் கீழே இறக்கினால் அதே கோல் விறைப்பாகும் என்பதையும் மறக்காதே. செப்ரெம்பரில் அங்கே புயல் மழைக் காலம். கோலின் பிடிக்கு ஒரு பொலித்தீன் பை, இரண்டு துவாய். ரேப்பைக் காய்ந்த கையால் அறையிலேயே சுற்றிக்கொண்டு போ, மைதானத்தில் சுற்றினால் உரியும்.

பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் பாய்வது பழக்கமில்லாத வேலைதான். ஓடுபாதை ஓரத்தில் 5 மீற்றரிலிருந்து 18 வரை ஒவ்வொரு மீற்றருக்கும் அடையாளம் வைத்திருப்பார்கள். தடை தாண்டுகிற உன் அறைச் சிநேகிதியைப் படிக்கட்டில் சரியாக 12.80க்கு நேரே இருத்து. கடைசி ஆறு காலடி தொடங்கும் இடது கால் எங்கே விழுகிறது, அவள் பார்க்க வேண்டியது அது ஒன்றுதான். வீடியோ எடுத்தால் கம்பி ஓரத்துக்குப் போய் அவள் கையில் பார்க்கலாம், போனை உள்ளே கொண்டுவரக்கூடாது.

1958இல் தோக்கியோவில் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்தாரே, ஆசிய விளையாட்டில் எங்கள் நாட்டின் முதல் தங்கம். பெரியப்பா வீட்டுச் சுவரில் இருக்கும் அந்தப் படத்தை நேற்றுத் துடைத்தேன். அதே நாட்டுக்கு என் மகள் போகிறாள் என்று சந்தியில் கேட்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். நீ ஒருக்காவாவது என்னோடு ஆறுதலாகக் கதைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் சொல்லியிருப்பேன்.

யார் தந்தாலும் நோவுக் குளிசை எடுக்காதே. டிரமடோல் 2024 ஜனவரியிலிருந்து போட்டிக் காலத்தில் தடை. ஸ்டீரொய்ட் ஊசி எந்த இடத்தில் போட்டாலும் 2022இலிருந்து அந்தக் காலத்தில் தடை. போட்டிக் காலம் என்பது முதல் நாள் இரவு 11.59க்கே தொடங்கிவிடும். மருந்து என்றால் அணி டொக்டர் எழுதித் தந்தது மட்டும்.

ஒரு பயிற்சியும் செய்துபார். இடது காலில் மட்டும் நின்று, கையை இடுப்பில் வைத்து, மெல்லப் பின்னால் வளை. பேந்து வலது கால். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதோ, இடது பக்கம் பெல்ற் கட்டுகிற இடத்தில் குத்துகிறதோ என்று ஒரு சொல் எழுது. அம்மாவுக்கு எழுதினாலும் போதும். அந்த வீடியோவில் மெத்தையிலிருந்து எழும்பும்போது அந்த இடத்தில் கை வைக்கிறாய், கமரா பார்க்கவில்லை என்று நினைத்து.

சரி, சொல்கிறேன். போன வருடம் உன் பிடியை, மேல் கை கோலைப் பிடிக்கும் உயரத்தை, 3.70இலிருந்து 3.85க்கு உயர்த்தியது நான். நீ நிமிர்ந்து கை தூக்கினால் 2.10, பெட்டியின் ஆழம் 20 சென்ரிமீற்றர். 3.70 பிடிக்கு பெட்டியின் முடிவிலிருந்து 2.90இல் காலூன்ற வேண்டும், 3.85க்கு 3.09. கால் கிட்டத்தட்ட 20 சென்ரிமீற்றர் பின்னால் போயிருக்க வேண்டும். எங்கள் ஓடுபாதையில் பின்னால் போக இடமில்லை, உன் தொடக்கக் குறியே வேலியில் முட்டிக்கொண்டு இருந்தது. அது தெரிந்தும் "கெதியாய் ஓடு, சரிவரும்" என்றேன். கை மேலே போக முன்னமே கோல் பெட்டியில் இடித்து, ஒவ்வொரு பாய்ச்சலிலும் உன் முதுகைப் பின்னால் இழுத்தது. நோகிறது என்று நீ இரண்டு தரம் சொன்னாய். பயம் என்றேன். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னேன். கணக்கை இந்தக் கிழமைதான் கொப்பியில் போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிட வேலை.

குத்தினால் டொக்டரிடம் போ, படம் எடுக்கச் சொல். பாயாமல் வந்தாலும் விமான நிலையத்துக்கு நான் வருவேன். குத்தாவிட்டால் பிடி 3.70, குறி 12.80, தூண் 80.

அதிபரிடம் கேட்டு வேலியை நாலு மீற்றர் பின்னுக்குப் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானும் தூண் நட்டோம்.

அன்புடன்
அப்பா

பி.கு.: பஞ்சு அம்மா தந்த சிவப்புப் பைக்குள் இருக்கிறது.